கடைமடைக்கு வந்துச்சா?

என் மச்சினனுக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில் ஒரு விபரீதம் நடந்தது. கேசரி, பஜ்ஜி எல்லாம் நல்லபடியாக முடிந்து, பெண்ணின் பெரியப்பா காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். "மாப்பிள்ளை ஆபீஸ் போக மத்த நேரத்துல என்ன பண்றாரு?"

என் மாமியார் வெள்ளந்தி. "எந்நேரமும் ஒயின்லதாங்க உக்காந்திருப்பான். ராத்திரி ரெண்டு மணி ஆனாலும் எந்திரிக்க மாட்டான்" என்று பெருமையாகச் சொல்லிவிட்டார்.

கூடத்தில் மின்விசிறி சத்தம் மட்டும் கேட்டது. நான் குறுக்கே விழுந்தேன். "ஐயா, அது கம்ப்யூட்டர் சமாசாரம். விண்டோஸுக்காக எழுதின புரோகிராமை, விண்டோஸ் இல்லாத லினக்ஸ் கம்ப்யூட்டர்ல ஓட வைக்கிற மென்பொருள். அது பேரு ஒயின். 1993-லேர்ந்து உலகம் பூரா ஆளுங்க சேர்ந்து எழுதறாங்க. யாரு வேணா எடுத்துப் படிக்கலாம், திருத்தலாம்."

"சம்பளம்?"

"தம்பி சும்மா பண்றாப்ல."

பெரியப்பா ஒரு நிமிஷம் யோசித்தார். "அதுக்கு அந்த ஒயினே தேவலாம்" என்றார். அந்த வரன் அத்தோடு சரி.

உண்மையில் மச்சினன் உட்கார்ந்திருப்பது ஒயினில்கூட இல்லை. அதிலிருந்து கிளை பிரிந்த ஒரு சின்னத் திட்டத்தில். பெயர் வேண்டாம். அங்கே அவன் வேலை எழுதுவது அல்ல, படிப்பது. போலந்திலோ பிரேசிலிலோ எவனோ ஒருத்தன் ஒரு திருத்தம் எழுதி அனுப்புவான். அதை வரி வரியாகப் படித்து, உள்ளே விடலாமா கூடாதா என்று சொல்ல வேண்டும். ரிவ்யூ என்கிறார்கள். நான் பி.காம். எனக்கு இது புதிதாகத் தெரியவில்லை. "வவுச்சிங்தானேடா? எவனோ எழுதின கணக்குல நீ பச்சை மையால டிக் போடறே."

"அதேதான் அத்தான். ஆனா இங்க கணக்கு டேலி ஆனா மட்டும் போதாது."

எங்களுக்கும் போதாதுதான். டிரயல் பேலன்ஸ் கச்சிதமாக டேலி ஆகும். உள்ளே ராமன் கணக்கில் போட வேண்டியதைச் சோமன் கணக்கில் போட்டிருப்பார்கள். டிரயல் பேலன்ஸ் காட்டிக் கொடுக்காத பிழைகள் என்று முதல் வருஷமே ஒரு பாடம் உண்டு. பரீட்சையில் எட்டு மார்க். எழுதினவர்களுக்கு நினைவிருக்கும்.

ஒயினைப் பற்றி அவன் சொன்னதில் என்னைக் கவர்ந்தது ஒன்று. மைக்ரோசாஃப்டின் மூல நிரலை ஒரு தடவை கண்ணால் பார்த்தவன்கூட அதற்கு எழுதக் கூடாது. மடிசஞ்சிக் குடும்பத்து ஆசாரம் மாதிரி. பிறகு எப்படித்தான் எழுதுவது? கதவுக்கு வெளியே நின்று தட்டிப் பார்க்க வேண்டியதுதான். ஒரு குட்டிச் சோதனை எழுதி, நிஜ விண்டோஸில் ஓட்டி, அது என்ன பதில் சொல்கிறதோ அதையே இங்கேயும் சொல்ல வைப்பது. இப்படித் தட்டித் தட்டி, ஆரம்பித்துப் பதினைந்து வருஷம் கழித்து, 2008 ஜூனில்தான் ஒயின் 1.0 என்று போட்டுக்கொண்டார்கள். அலெக்ஸாந்த்ர் ஜூலியார் என்பவர் 1994-லிருந்து அதைக் கட்டி மேய்க்கிறார். ஒரே வேலையில் முப்பது வருஷத்துக்கு மேல்! நம்மூரில் தாசில்தார் ஆபீஸ் பியூனுக்கு மட்டுமே வாய்க்கும் நிலைத்தன்மை.

இதில் இன்னொரு கூத்து. விண்டோஸ் ஒரு இடத்தில் தப்பு செய்கிறது என்றால் இவர்களும் அதே தப்பைத் தப்பாமல் செய்ய வேண்டும். ஏனென்றால் பழைய புரோகிராம்கள் அந்தத் தப்பை நம்பியே பிழைப்பு நடத்துகின்றன. மைக்ரோசாஃப்டே இப்படிச் செய்திருக்கிறது. சிம்சிட்டி என்ற விளையாட்டு, திருப்பிக் கொடுத்துவிட்ட நினைவகத்தை மறுபடி எடுத்துப் படிக்கும். விண்டோஸ் 95-ல் அது விழுந்துவிடும் என்று தெரிந்ததும், அந்த விளையாட்டு ஓடும்போது மட்டும் கண்டுகொள்ளாமல் இருக்கும்படி விண்டோஸையே மாற்றினார்கள். சம்பந்தி வீட்டாருக்குத் தனிப் பந்தி மாதிரி.

மச்சினன் பார்ப்பது இன்புட் பகுதி. அதாவது நீங்கள் தட்டும் சாவியும், நகர்த்தும் மவுஸும். ஒரு சாவியைத் தட்டினால் எழுத்து வருகிறது, இதில் என்ன பிரமாதம் என்று கேட்டேன். வெண்ணாற்றுப் பாசனத்தில் பிறந்தவனிடம் கேட்கக் கூடாத கேள்வி.

"மேட்டூர்ல ஷட்டரைத் தூக்கினா உங்க வயல்ல தண்ணி வந்துடுதா அத்தான்?"

வராது. ஜூன் 12, தண்ணீர் இருக்கிற வருஷத்தில், மேட்டூரில் பூத் தூவித் திறப்பார்கள். போட்டோ பேப்பரில் வரும். அது முக்கொம்பு தாண்டி, கல்லணைக்கு வந்து, அங்கே காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரியும். பிறகு கிளை வாய்க்கால், கன்னி வாய்க்கால், மடை. கடைசியில் வயல். சாவியும் அப்படித்தானாம். விசைப்பலகையில் ஆரம்பித்து, லினக்ஸின் கருவுக்குள் போய், திரையைக் கவனிக்கும் புரோகிராமுக்கு வந்து, அங்கிருந்து ஒயினுக்கு, ஒயினிலிருந்து உங்கள் பழைய விண்டோஸ் புரோகிராமுக்கு. எந்த மடையிலும் எவனாவது புல் பிடுங்கிப் போட்டு அடைத்திருக்கலாம். மேட்டூரில் நிற்கிறவனுக்கு அது தெரியாது. அதனால் டெல்டாவில் தண்ணீர் திறந்துவிட்டார்களா என்று யாரும் கேட்பதில்லை. கடைமடைக்கு வந்துச்சா என்றுதான் கேட்பார்கள்.

இப்போது மாஸ்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

தஞ்சாவூர் கீழவாசல் பக்கம் ஒரு சந்தில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் வைத்திருந்தவர். தமிழ் லோயர், ஹையர் இரண்டும் நான் அவரிடம்தான் பாஸ் செய்தேன். இன்ஸ்டிட்யூட்டை மூடிப் பல வருஷம் ஆகிறது. மூலையில் ஒரு ரெமிங்டன் மட்டும் உறை போட்டு உட்கார்ந்திருக்கும். எழுபது வயதுக்கு மேல் இப்போது கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கருமாதிக் கார்டு இவற்றை கம்ப்யூட்டரில் அடித்து, பேஜ்மேக்கரில் அமைத்து, பிரஸ்ஸுக்குக் கொடுக்கிறார். திரையைப் பார்க்க மாட்டார். கண் காகிதத்தில், விரல் பலகையில். திரையைப் பார்த்துத் தட்டுவது, மனைவியின் முகத்தைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவது மாதிரி என்பார், ருசி தெரியாதாம்.

அவர் அடிப்பது பழைய டைப்ரைட்டர் முறை. 1999-ல் தமிழக அரசு தமிழ்99 என்று ஒரு அருமையான விசைப்பலகையை அங்கீகரித்தது. இடது கைக்கு உயிர், வலது கைக்கு மெய். சொல்லிப் பார்த்தேன். "விரல் கத்துக்கிட்டதை நீ மறக்கச் சொல்றியா?" என்றார். அவர் விரல் கற்றது யாழ்ப்பாணம் சுண்டிக்குளியில் 1886-ல் பிறந்த ஆர். முத்தையா வகுத்த வழி. சிங்கப்பூரில் வேலை பார்த்துக்கொண்டே தமிழுக்கு டைப்ரைட்டர் அமைத்தவர் அவர். 247 எழுத்தை அத்தனை சாவிக்குள் எப்படி அடக்குவது? அதற்கு அவர் கண்ட உபாயம் நகரா விசை. புள்ளியையோ, 'னி' போன்ற எழுத்தின் மேல் விசிறியையோ தட்டினால் காகிதம் நகராது. அடுத்து எழுத்தைத் தட்டினால் அதே இடத்தில் விழும். ஆகவே முதலில் விசிறி, பிறகு எழுத்து. இங்கிலீஷ்காரன் இதை டெட் கீ என்கிறான். செத்த சாவி! நாம் நகரா விசை என்று மரியாதையாகச் சொல்கிறோம்.

மாஸ்டரின் பழைய எக்ஸ்பி கம்ப்யூட்டர் ஒரு இடி மழையில் உயிரை விட்டது. பிறகு நான் ஒரு பழைய லேப்டாப் வாங்கிக் கொடுத்தேன். அதில் விண்டோஸ் 11 ஏறாது. விண்டோஸ் 10-க்கோ 2025 அக்டோபர் 14-ஓடு மைக்ரோசாஃப்ட் கை கழுவிவிட்டது. மச்சினனைக் கூப்பிட்டேன். அவன் லினக்ஸ் போட்டு, தன் திட்டத்தையும் போட்டு, மாஸ்டரின் பேஜ்மேக்கரையும், கம்பெனியே காணாமல் போன அந்தத் தமிழ் டைப்பிங் புரோகிராமையும் ஓட வைத்தான். மாஸ்டர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "பரவால்லையே, அப்படியே இருக்கே" என்றார். அதைவிடப் பெரிய பாராட்டு இந்தத் தொழிலில் கிடையாது என்றான் மச்சினன்.

தை பிறந்தது. சம்பா அறுப்பு ஒரு பக்கம், முகூர்த்தம் ஒரு பக்கம். மாஸ்டருக்குக் கை ஓயாத வேலை. ஒரு நாள் அவர் அடித்த பத்திரிகை ஒன்று என் கைக்கு வந்தது. தூரத்து உறவு. மஞ்சள் தடவிய நாலு மூலை, பிள்ளையார், எல்லாம் சரி. கீழே பார்த்தேன்.

'தங்கள் வரவை பவுணிடன் எதிர்நோக்கும்...'

பணிவுடன் என்பதுதான் பவுணிடன் ஆகியிருந்தது. நாலு வரி தள்ளி, கனிவுடன் என்று இருக்க வேண்டிய இடத்தில் 'கவுனிடன்'. நான் விழுந்து விழுந்து சிரித்தேன். கல்யாண வீட்டில் சிரிக்கவில்லை. "பவுனைப் பத்திரிகையிலேயே கேட்டுட்டாங்களா?" என்று பெண் வீட்டில் ஒரு பெரிசு கிளப்பிவிட, சம்பந்திகளுக்குள் ஒரு நாள் பேச்சுவார்த்தை இல்லாமல் போயிருக்கிறது. புரூஃப் பார்க்கவில்லையா என்று கேட்பீர்கள். பார்த்தார்கள். நம் ஜனம் பத்திரிகை புரூஃபில் என்ன பார்க்கும்? பெயர், டிகிரி, முகூர்த்த நேரம், தாய்மாமன் பெயர் விட்டுப்போச்சா. 'பணிவுடன்' என்ற சொல்லை இந்த நாட்டில் யாரும் படித்ததில்லை.

மாஸ்டர் நானூறு கார்டையும் தன் செலவில் மறுபடி அடித்துக் கொடுத்துவிட்டார். இது நான் பிறகு கேள்விப்பட்டது.

பத்திரிகையை ஜோக்காக மச்சினனிடம் காட்டினேன். அவன் சிரிக்கவில்லை. "மத்ததெல்லாம் சரியா இருக்கா அத்தான்?"

"பேரு, ஊரு எல்லாம் கரெக்ட். இந்த ரெண்டு வார்த்தைதான்."

"தினம் அடிக்கிற வார்த்தை மட்டும் தப்பா இருக்கு. புது வார்த்தை சரியா இருக்கு..." என்று முணுமுணுத்தவன் முகம் வெளுத்துவிட்டது. பேரை எழுத்துக் கூட்டி மெதுவாகத் தட்டுவார். பழகின வார்த்தையை ஒரே ஓட்டமாக ஓட்டுவார். வேகமாகத் தட்டும்போது மட்டும் தப்பு.

அப்புறம்தான் பூனை வெளியே வந்தது. பத்து நாளுக்கு முன் அவன் ரிவ்யூவுக்கு ஒரு திருத்தம் வந்திருக்கிறது. எழுதியவன் கேம் ஆடுகிற பையன். சுடுகிற விளையாட்டில் மவுஸைத் திருப்பினால் கொஞ்சம் தாமதமாகத் திரும்புகிறது என்று, உள்ளே வரும் சாவி, மவுஸ் எல்லாவற்றையும் வாங்கும் முறையை மாற்றி எழுதியிருந்தான். அந்த உலகத்தில் இது பெரிய விஷயம். ஒயினை அடிப்படையாக வைத்து வால்வ் கம்பெனி 2018-ல் புரோட்டான் என்று ஒன்று கொண்டுவந்ததிலிருந்து, இந்தப் பக்கம் வருகிறவர்களில் கேம் ஆடுகிறவர்கள் நிறைய. நம்முடையவன் முந்நூறு வரியையும் படித்தான். சோதனைகளை ஓட்டினான். எல்லாம் பச்சை. டிரயல் பேலன்ஸ் டேலி! இருந்தாலும் ஒரு நிஜ ஆளிடம் நாலு நாள் ஓடட்டும் என்று, மாஸ்டர் லேப்டாப்பில் அந்தச் சோதனைப் பதிப்பை ஏற்றிவிட்டு வந்திருக்கிறான். அவரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல்.

"சொன்னா பயந்துடுவாருன்னு..." என்றான். எனக்குக் கோபம் வந்தது. அடுத்தவன் வயலில் மருந்து அடித்துப் பார்ப்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

ராத்திரி பதினொரு மணிக்கு அவன் மேஜையில் நானும் உட்கார்ந்தேன். அவன் ரெண்டு விரலால் 'பணிவுடன்' என்று தட்டினான். பணிவுடன் என்றே வந்தது. பத்துத் தடவை தட்டினான். பத்தும் சரி. "நகருடா" என்றேன். ஹையர் பாஸ் செய்த கை, கொஞ்சம் துரு. மூன்றாவது தடவை பிடித்தது: பவுணிடன்.

அவன் விளக்கியதை எனக்குப் புரிந்தபடி சொல்கிறேன். மாஸ்டர் 'ப' தட்டி, பிறகு விசிறியைத் தட்டுகிறார். திரையில் விசிறி தனியாக நிற்கும். அடுத்து 'ண' தட்டியதும் அந்தப் பழைய புரோகிராம் பாய்ந்து பிடித்து, நின்ற விசிறியை அழிக்க ஒரு பேக்ஸ்பேஸ், கூடவே முழு 'ணி', இரண்டையும் ஒரே பொட்டலமாகக் கட்டி, ஏதோ மாஸ்டரே தட்டியது மாதிரி விண்டோஸிடம் கொடுக்கிறது. இதற்கு விண்டோஸில் செண்ட்இன்புட் என்று ஒரு வாசல் இருக்கிறது. மைக்ரோசாஃப்ட் தன் கையேட்டிலேயே வாக்குக் கொடுத்திருக்கிறது: இந்தப் பொட்டலத்தின் நடுவில் வேறு எந்தச் சாவியும் புகாது. ஆனால் அந்தப் பையனின் திருத்தம் வேகத்துக்காகப் பொட்டலத்தைப் பிரித்து ஒவ்வொன்றாக அனுப்பியது. பேக்ஸ்பேஸ் போனது, 'ணி' போவதற்குள் மாஸ்டரின் விரல் அடுத்த 'வு'வைத் தட்டிவிட்டது. 'வு' முந்திக்கொண்டது. ப, வு, ணி.

"முறைத் தண்ணி மாதிரிடா" என்றேன். முறை வைத்துப் பாய்ச்சும்போது, என் முறை முடிகிற வரைக்கும் வாய்க்கால் என்னுடையது. நடுவில் ஒருத்தன் மடையை வெட்டினால் வெட்டுக்குத்துதான். இங்கே வெட்டினவனுக்குத் தான் வெட்டினதே தெரியாது. அவன் தட்டும் பாஷையில் ஒரு சாவிக்கு ஒரு எழுத்து. பொட்டலமே கட்ட வேண்டியதில்லை. ரெண்டு விரலால் தட்டும் ரிவ்யூக்காரனுக்கும் தெரியாது, ஏனென்றால் அவன் அடுத்த சாவியைத் தேடிப் பிடிப்பதற்குள் பொட்டலம் மட்டுமல்ல, பொள்ளாச்சி லாரியே போய்ச் சேர்ந்துவிடும்.

மச்சினன் அன்று ராத்திரி எழுதிய ரிவ்யூவை எனக்குப் படித்துக் காட்டினான். 'மன்னிக்கவும்' என்றுதான் ஆரம்பித்தான். திருத்தத்தில் பிழை என்று சொல்லவில்லை. நான் பார்த்த விதத்தில் பிழை, நான் மெதுவாகத் தட்டிப் பார்த்தேன் என்று எழுதினான். கீழே முத்தையா, நகரா விசை, மாஸ்டர் எல்லாம் வந்தது. அந்தப் பையன் இரண்டு நாளில் பதில் எழுதினான். எழுத்துக்கு முன்னால் அதன் விசிறியைத் தட்டுகிறவர்கள் இருக்கிறார்களா, நிஜமாகவா என்று கேட்டிருந்தான். நிஜம்தான். சோதனையாக வைக்க ஒரு வார்த்தை வேண்டும் என்றும் கேட்டான்.

இதற்குள் நான் மாஸ்டர் வீட்டுக்குப் போயிருந்தேன். லேப்டாப் மூடி, அதன் மேல் ஒரு துண்டு போர்த்தியிருந்தது.

"நிறுத்திட்டேன்யா" என்றார்.

"ஏன் சார்?"

வலது கையை நீட்டிக் காட்டினார். நடுக்கம் ஒன்றும் இல்லை. "வெளியில தெரியலை. ஆனா உள்ளே விரல் மாறிப் போகுது. ஒண்ணுக்கு முன்னால ஒண்ணு விழுது. எங்க அப்பாவுக்கும் இந்த வயசுலதான் ஆரம்பிச்சுது. டாக்டர்கிட்ட போகணும்னு மருமக சொல்லுது." பிறகு மெதுவாக, "அம்பது வருஷமாத் தட்டுன வார்த்தைய்யா. பணிவுடன்!" என்றார்.

எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. வெளியே வந்து மச்சினனுக்குப் போன் போட்டேன். இருபது நிமிஷத்தில் வந்துவிட்டான். வாசலில் செருப்பைக்கூட ஒழுங்காகக் கழற்றவில்லை. எல்லாவற்றையும் சொன்னான், சொல்லாமல் மாற்றியதை, தான் சரியாகப் பார்க்காததை, நானூறு கார்டுக்கான பணத்தைக் கொண்டுவந்திருப்பதை. மாஸ்டர் பணத்தைப் பார்க்கவே இல்லை.

"அப்ப விரல் இல்லையா?"

"இல்லை சார்."

"நல்லாப் பார்த்துச் சொல்லு தம்பி. விரல் இல்லையா?"

"விரல் நல்லா இருந்ததாலதான் சார் தப்பே தெரிஞ்சுது. எங்க யாருக்கும் அந்த வேகம் இல்லை."

மாஸ்டர் துண்டை எடுத்தார். மச்சினன் பழைய பதிப்பை ஏற்றிக் கொடுத்தான். அவர் உட்கார்ந்து, கண்ணைச் சுவரில் இருந்த காலண்டரில் வைத்துக்கொண்டு, ஒரு பக்கம் முழுக்கப் 'பணிவுடன்' அடித்தார். மழை மாதிரி இருந்தது. கடைசியில்தான் திரையைப் பார்த்தார். ஒன்றுகூடப் பவுன் இல்லை. மருமகளைக் கூப்பிட்டு மூன்று காபி சொன்னார். பணத்தை எடுத்து மச்சினன் சட்டைப் பையில் திணித்தார். அவன் திரும்பக் கொடுக்க, இவர் மறுபடி திணிக்க, கால் மணி நேரம் அந்தக் கூத்து. பாதிக்குப் பாதி என்று முடிவானது.

அந்தப் பையனின் இரண்டாவது திருத்தம் பத்து நாளில் வந்தது. மவுஸுக்கு ஒரு வழி, பொட்டலத்துக்கு ஒரு வழி என்று பிரித்திருந்தான். மச்சினன் இந்த முறை மாஸ்டர் வீட்டில் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து, அவரிடம் சொல்லிவிட்டு, ஒரு காதுகுத்துப் பத்திரிகையும் ரெண்டு கருமாதிக் கார்டும் அடிக்க வைத்துப் பார்த்தான். பிறகுதான் சரி என்று எழுதினான். சோதனைக்குக் கொடுத்த வார்த்தை பணிவுடன். அந்தத் திட்டத்தில் யார் எந்த நாட்டிலிருந்து இன்புட் பகுதியைத் தொட்டாலும் இனி அந்த வார்த்தை ஒரு தடவை தட்டப்படும். தட்டுவது கம்ப்யூட்டர், மாஸ்டரின் வேகத்தில்.

மச்சினன் சரி என்று எழுதிக்கொண்டிருந்ததை மாஸ்டர் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவன் விரல்களைத்தான்.

"உலகத்துல எல்லார் தட்டறதையும் பார்த்துச் சொல்றவன்னு உங்க அத்தான் சொன்னாரு. நீ என்ன தம்பி கோழி கொத்தற மாதிரி தட்டறே?"

இப்போது மச்சினன் தினம் காலை ஆறரைக்குக் கீழவாசல் போகிறான். ரெமிங்டன் உறை கழற்றப்பட்டுவிட்டது. ஒரு வாரமாக யளனக, யளனக என்றே அடித்துக்கொண்டிருக்கிறான். மோதிர விரல் வீங்கியிருக்கிறது. பிப்ரவரியில் லோயர் பரீட்சைக்குப் பணம் கட்டச் சொல்லியிருக்கிறார் மாஸ்டர். அடுத்த வரன் வந்தால், "தமிழ் டைப்ரைட்டிங் படிக்கிறான்" என்று சொல்லும்படி மாமியாரிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.